கண்மலர் சாத்திய பிறகு

கலியம்மாள் என் கையிலிருந்து வாங்கிய கூழை வேப்பமரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் பார்த்துவிட்டேன். ஒரு கண்ணால்தான் பார்த்தேன்; இன்னொரு கண் சீழ் பிடித்து ஒட்டிக் கிடந்தது. இருந்தாலும் அவள் கொட்டியதும், குவளையை முந்தானையால் துடைத்ததும், மகள் ராமாயியின் கையையும் சேர்த்துத் துடைத்துவிட்டதும் நன்றாகவே தெரிந்தது.

செலியமேட்டு மாரியம்மன் கோயிலுக்கு என் வீட்டுக்காரர் தர்மகர்த்தா. ஆடி மாதம் அலகு குத்தும் செடல் திருவிழா அன்று அம்மனுக்குப் படைத்த கூழைத் தர்மகர்த்தா வீட்டுப் பெண்தான் முதலில் மொண்டு ஊற்ற வேண்டும். அவள் ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் அகப்பையைத் தொடலாம். என் மாமியார் இருந்த வரைக்கும் அவள் ஊற்றினாள். அவளுக்குப் பிறகு அது என் கைக்கு வந்தது. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஊர் என்னை நிமிர்ந்து பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாளில்தான் அவள் கொட்டினாள். அவள் மட்டுமா? வரிசையில் நின்ற பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்காமல் குவளையை நீட்டினார்கள். ஒருத்தி, "வயிறு சரியில்லக்கா, கொஞ்சமா ஊத்து" என்றாள். எல்லாருக்கும் ஒரே நாளில் வயிறு சரியில்லாமல் போய்விட்டதாக்கும்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனால் அவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? என் கண்ணைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே குமட்டும்.

இடது கண். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். சிவக்கும், வீங்கும், நீர் வடியும், கொஞ்ச நாள் தணியும், மறுபடி வரும். இமை மயிர் உள்பக்கமாக மடங்கி விழியில் குத்தும். சாமணத்தால் நானே பிடுங்கிக்கொள்வேன். நந்தியாவட்டைப் பூவை ஒற்றிப் பார்த்தேன். பிள்ளை பெற்றவளிடம் போய்ச் சங்கில் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டுக்கொண்டேன். பிள்ளையில்லாதவள் பால் கேட்டுப் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்குச் சொல்லி யாருக்கு விளங்கப்போகிறது? அதையும் செய்தேன்.

கூழைக் கொட்டியதை என் வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார். வீடு திரும்பிக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், அடுப்படி வாசலில் நின்று சொன்னார்.

"அடுத்த செடலுக்குள்ள உன் கண்ணு தெளிஞ்சிடுச்சின்னா ஆத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் சாத்தறேன். வேண்டிக்கினேன்."

வெள்ளித் தகட்டில் கண் போலச் செய்து அம்மன் முகத்தில் சாத்துவார்களே, அதுதான் கண்மலர். கண் நோய் தீர்ந்தவர்கள் சாத்துவது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் சும்மா இருக்கிற வாயா இது?

"வேண்டிக்கினது சரி. அப்படியே பாகூர் டாக்டரையும் ஒரு எட்டு பாத்துட்டு வரலாமே."

"ஆத்தாளை நம்ப மாட்டியா நீ?"

"நம்பறேன். ஆத்தா டாக்டரு ரூபத்துல வரக் கூடாதுன்னு எங்கனா எழுதி வச்சிருக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அவர் தோற்றார் என்று அர்த்தம். ஆனாலும் நாற்று, நடவு, கரும்பு வெட்டு, வெல்லம் காய்ச்சுவது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டார். வைகாசி வெயிலில் கண் தக்காளிப் பழமாய்ப் பழுத்த பிறகுதான் வண்டி பூட்டினார்.

பாகூர் வைத்தியசாலையில் நமச்சிவாயம் என்று ஒரு டாக்டர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் படித்தவர் என்பதால் அவரை எல்லாரும் ஐயா என்பதற்குப் பிரெஞ்சு வழக்கப்படி முசே, முசே என்றுதான் கூப்பிடுவார்கள். கறார்ப் பேர்வழி. என் இமையை விரலால் மடக்கித் திருப்பிப் பார்த்தார். நான் வலியில் பல்லைக் கடித்தேன்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"கல்யாணம் ஆனதிலேருந்து முசே."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று என் வீட்டுக்காரரை முறைத்தார். பிறகு விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். முகம் மாறியது.

"பலராமன், கவனமாக் கேளுங்க. இமைக்குள்ள மணல் மணலா இருக்கே, அது பழைய நோவு. சீழ் அதனால வருது. அதுக்குச் சொட்டு மருந்து தரேன், நிக்கும். ஆனா கருவிழி ஓரத்துல வெள்ளையா வேற ஒண்ணு தெரியுது. சீழும் வீக்கமும் அதை மூடிக்கினு இருக்கு. அது இன்னான்னு இப்பச் சொல்ல முடியாது. சீழ் நின்னதும் இவங்களைக் கூட்டிக்கினு வரணும். நின்னுடுச்சேன்னு வூட்ல உக்காந்துடாதீங்க. நின்னதும் வரணும். புரியுதா?"

"புரியுதுங்க முசே" என்றார் இவர். எனக்கும் புரிந்தது. யாருக்கும் புரியாமல் போகவில்லை.

மருந்து காப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. விட்டால் தலையணை எல்லாம் கறை. ஆனால் கேட்டது ஐயா, கேட்டது! நாளுக்கு நாள் வீக்கம் வடிந்தது. காலையில் கண் ஒட்டவில்லை. நாற்றம் போய்விட்டது. ஆடி பிறப்பதற்குள் சீழ் சுத்தமாக நின்றுவிட்டது. நான் வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டுக்காரி என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

செடல் அன்று மேளதாளத்தோடு கண்மலரைத் தாம்பாளத்தில் வைத்து வீட்டிலிருந்து எடுத்துப் போனோம். தெருவே கூட வந்தது. பூசாரி அம்மன் முகத்தில் அதைச் சாத்திக் கற்பூரம் காட்டியபோது பெண்கள் குலவை போட்டார்கள். இவர் கண்ணில் தண்ணீர். பிறகு நான் அகப்பையை எடுத்தேன். வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போயிற்று. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் குவளையை நீட்டினார்கள். கலியம்மாள் அங்கேயே நின்று குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

"அக்கா, ராமாயிக்கும் ஊத்து. உன் கையால குடிச்சா அவ கண்ணும் தெளியட்டும்."

அந்தப் பெண்ணுக்கும் கண் நோய்தான். எட்டு வயசோ ஒன்பது வயசோ. இரண்டு கண்ணும் எந்நேரமும் பொங்கிக்கொண்டே இருக்கும். நான் குவளை நிறைய ஊற்றினேன். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த நாள் கண்ணாடியில் பார்த்தேன். சீழும் வீக்கமும் போன இடத்தில், கருவிழியின் ஓரத்தில், அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக நரம்புகள். முசே சொன்னது அதுதான்.

"இன்னாங்க, முசே வரச் சொன்னாரே, போய்ட்டு வந்துடலாம்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உனக்கு இன்னா பைத்தியமா? நேத்துதான் ஊரைக் கூட்டிக் கண்மலர் சாத்தியிருக்கோம். இன்னிக்கு டாக்டர் வூட்டு வாசல்ல போய் நின்னா இன்னா அர்த்தம்? ஆத்தா குடுத்தது சரியாக் கீதான்னு டாக்டர்கிட்ட காட்டிச் சரி பாக்கறதா? தர்மகர்த்தா பொண்டாட்டியே நம்பலேன்னா ஊர்ல எவன் நம்புவான்?"

"சாத்தறதுக்கு முன்னாடியே போயிருக்கணும்."

"போவல. இப்ப இன்னா செய்யச் சொல்ற? வெள்ளையா ஒரு பொட்டு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். சீழ் இருக்குதா? இல்ல. வலி இருக்குதா?"

வலி இல்லை. அதுதான் பாழாய்ப் போன சங்கடம். வலித்திருந்தால் அவர் வாயை அடைத்திருப்பேன். அவர் வாயை ஒரு பேச்சில் அடைக்கத் தெரிந்தவள் நான். ஆனால் வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போனதை நானும் பார்த்தேனே. மறுபடி அந்த முகங்கள் திரும்பிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.

குருணை பட்டாணி ஆயிற்று. பட்டாணி வெள்ளையை விட்டுச் சிவந்து, கோழிக்கொண்டைப் பூ மாதிரி மேடும் பள்ளமுமாகக் கருவிழி மேல் ஏறியது. பழைய நோயும் சும்மா விடவில்லை. சொட்டு மருந்து தீர்ந்ததும் சீழ் திரும்ப வந்தது. இரண்டும் சேர்ந்து கும்மாளம் போட்டன. நான் தெருவில் இறங்குவதை விட்டேன். யாராவது வந்தால் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு பேசுவேன், அப்புறம் அதையும் விட்டேன். "அமுதம் ஆத்தாளுக்கு விரதம் இருக்கறா, யார் கிட்டயும் பேசறதில்ல" என்று இவர் ஊரில் சொல்லிவிட்டார். நல்ல விரதம்! அடுப்படியில் ஒளிந்துகொண்டு இருக்கும் விரதம்.

அவரை ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள். விடிகாலையில் எழுந்து வெந்நீர் வைத்து, பஞ்சு நனைத்து, ஒட்டிய இமையை அவரேதான் பிரித்துவிடுவார். நாற்றத்துக்கு ஒரு நாள்கூட மூக்கைச் சுளித்ததில்லை. ஊருக்கு முன்னால்தான் அவர் வெட்கப்பட்டார், என்னிடம் இல்லை. ஆனால் அந்த வெட்கம் என் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. தீபாவளி கழிந்து ஒரு காலையில் அவர் பஞ்சை எடுத்தபோது ரத்தம் சொட்டியது. பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

"பாகூர் பக்கத்துலதானே கீது?"

"அந்த முசே மூஞ்சியில எப்படி முழிக்கறது? தவிர, பாகூர்ல எல்லாரும் தெரிஞ்சவங்க. கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை. அங்க நம்மளை யாருக்குத் தெரியும்?"

மூடு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னை உட்கார வைத்தார். தலையிலிருந்து கழுத்து வரைக்கும் முக்காடு. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள்? கல்யாணப் பெண்கூட மூடுவதில்லை. "இதைப் பாத்தாலே சந்தேகப்படுவாங்க" என்றேன். "பேசாம உக்காரு" என்றார்.

எல்லையில் சாவடி. பிரெஞ்சுக்காரன் ஆளுகையிலிருந்த நம் பக்கத்தில் பட்டும் சரிகையும் மலிவு. அந்தப் பக்கம் கொண்டுபோனால் வரி. வரிக்குப் பயந்து பெண்கள் சேலைக்குள் சுற்றிக்கொண்டு போவார்கள். அதனால் சாவடிச் சிப்பாய்களுக்கு மூடிய எதைக் கண்டாலும் சந்தேகம். சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியும் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. சிப்பாய் படுதாவைத் தூக்கினான்.

"யோவ், இது இன்னா மூட்டை? முக்காட்டை எடுக்கச் சொல்லு."

"என் சம்சாரங்க. உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லேன்னா மூஞ்சிய எதுக்கு மூடணும்? எடும்மா."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பாகூர்க்காரர்கள் இருந்தார்கள், எங்கள் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் இவருக்குப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"வேணாங்க. அம்மா வாத்திருக்கு" என்றார்.

அம்மை! எந்த ஆத்தாளுக்குக் கண்மலர் சாத்தினாரோ, அந்த ஆத்தாள் பேரைச் சொல்லியே பொய். எனக்குத் தலையில் இடி இறங்கியது போல் இருந்தது. சிப்பாய் பின்னால் துள்ளினான். வரிசையில் நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

"பெரியம்மையா? அம்மை போட்டவளை எல்லைக்குள்ள வுட மாட்டேன். திருப்புய்யா வண்டிய! திருப்பு!"

இவர் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரமாய் நின்றார். இனி இல்லை என்று சொன்னாலும் எவன் நம்புவான்? வண்டி திரும்பினால் அப்புறம் அவர் எங்கேயும் கூட்டிப் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் அடுப்படியிலேயே கிடந்து அழுகிச் சாக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கலியம்மாள். எல்லாரும் அம்மை என்று ஓடினால், இவள் கையைக் கூப்பிக்கொண்டு வந்தாள். கூடவே ராமாயி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல்.

"அமுதம் அக்காவா? ஆத்தா உன் மேல எறங்கியிருக்காளா? கும்புட்டுக்கறேன் தாயே. கண்மலரை இப்பவே வாங்கி வச்சிடலாம்னுதான் நான் கடலூருக்குப் போறேன். ராமாயிக்கு மருந்தெல்லாம் நிறுத்திட்டேன். உன்னைப் போலவே ஆத்தா மேல பாரத்தைப் போட்டுட்டேன்."

என் உடம்பெல்லாம் கூசியது. வேப்பமரத்தடியில் கூழைக் கொட்டியபோதுகூட இப்படிக் கூசவில்லை. அன்றைக்கு இவள் தன் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டாள். இன்றைக்கு எங்கள் கண்மலரை நம்பி அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டியிலிருந்து இறங்கினேன். "ஏய், அமுதம்" என்று இவர் கையைப் பிடித்தார். உதறினேன். அத்தனை பேருக்கு முன்னால் முக்காட்டை எடுத்தேன்.

சிப்பாய் "ஐயோ" என்றான். யாரோ காறித் துப்பினார்கள். ராமாயி வீல் என்று கத்தித் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வெயில் அந்தக் கண்ணில் பட்டுச் சுள்ளென்று எரிந்தது. ரத்தமும் சீழும் கன்னத்தில் வழிந்தன. நான் துடைக்கவில்லை.

"அம்மையும் இல்ல, பட்டும் இல்ல. கண்ணு போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வுடுய்யா" என்றேன் சிப்பாயிடம்.

கலியம்மாள் வாய் திறந்தபடி நின்றாள். "இன்னா அக்கா இது? ஆத்தாதான் குணமாக்கிட்டாளே…"

"ஆத்தா மேல பழி போடாதடி. சீழை நிறுத்தினது பாகூர் டாக்டர் குடுத்த மருந்து. அடியில வேற ஒண்ணு கீது, சீழ் நின்னதும் வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நாங்க போவல. கண்மலர் சாத்திட்டுப் போனா மானம் கப்பலேறிடும்னு போவல. கேட்டுக்கினியா? திரும்பிப் போ. இப்பவே புள்ளையை அந்த முசேகிட்ட கூட்டிக்கினு போ. போடி!"

கத்தினேன். அழுதேனா என்று கேட்டால் தெரியாது. அந்தக் கண்ணில் எது கண்ணீர், எது சீழ் என்று எனக்கே தெரியாது. கலியம்மாள் ராமாயியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண்ணை. வந்த வழியே வேகமாக நடந்தாள். சிப்பாய் தடியைத் தூக்கி வழி விட்டான்.

கடலூர் போகும் வரைக்கும் இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருத்தி பார்த்தாள். பார்த்துவிட்டு இவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "எதுக்குத் தனியா? கண்ணு என்னுது, இங்கயே சொல்லுங்க" என்றேன். சொன்னாள். புற்று. கண்ணின் மேல்தோலில் பிடித்து உள்ளே இறங்கிவிட்டது. விட்டால் மூளைக்குப் போகும். கண்ணை எடுத்துவிட வேண்டும்.

"முளையில வந்திருந்தா மேலாகச் சீவி எடுத்திருக்கலாம். கண்ணும் பிழைச்சிருக்கும். இவ்வளவு நாள் எந்த டாக்டரும் பார்க்கலையா?"

இவர் துண்டின் நுனியைத் திருகினார். "எங்க பக்கம் டாக்டர் வசதி இல்லீங்க. பட்டிக்காடு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலை விட்டே எழுந்துவிட்டேன். நல்லது சொன்ன மனுஷனை ஊரிலேயே இல்லை என்று ஆக்கிவிட்டாரே!

"இருக்காரும்மா. நல்ல டாக்டரு. இந்த வெள்ளையை வைகாசியிலயே பாத்தாரு. திரும்பி வரச் சொன்னாரு. வெட்கப்பட்டுக்கினு நாங்கதான் போவல."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வெளியே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணை எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விட்டுவிடுங்கள். புண் ஆறி, இடது பக்கம் துணிக் கட்டோடு ஊர் திரும்பியபோது மார்கழி. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் முக்காடு போடவில்லை. போடச் சொல்லி இவரும் சொல்லவில்லை. கோயிலைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது. கண்மலர் இரண்டும் அம்மன் முகத்தில் பளபளவென்று இருந்தன. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயந்தரமே கலியம்மாள் வந்தாள். ராமாயியும் வந்தாள். பெண்ணின் கண்கள் இரண்டும் திறந்து இருந்தன. இன்னும் சிவப்புதான், ஆனால் திறந்து இருந்தன. முதலில் என்னைப் பார்த்துப் பயந்தாள். பிறகு கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"நீ சொன்ன அன்னிக்கே போயிட்டேன்க்கா. முசே கன்னாபின்னான்னு திட்டினாரு. ஆனா புள்ள கண்ணுக்குப் பயம் இல்லேன்னுட்டாரு" என்றாள் கலியம்மாள். பிறகு தயங்கினாள். "உன்னைப் பத்தியும் கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"செலியமேட்டுத் தர்மகர்த்தா வூட்டம்மா ஏன் வரவே இல்ல, சீழ் நின்னுதா இல்லியான்னு கேட்டாரு. போற ஒவ்வொரு தடவையும் கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "நல்லா ஆயிட்டாங்க, கண்ணு பளிச்சுனு கீதுன்னேன். சாவடியில பாத்ததை நான் ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு உன் கூழைக் கொட்டினேனே, அதுக்கு ஈடா உன் மானத்தையாவது காப்பாத்தலாம்னு நெனச்சேன்."

அவள் கொட்டியதை நான் பார்த்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் அவளும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். இன்னொரு நாளாக இருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ஆனால் எனக்கு அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பாகூரில் ஒரு மனுஷன் என் கண் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். என் மானத்துக்காக இன்னும் எத்தனை பேர்தான் பொய் சொல்வார்கள்?

மறுநாள் காலை, வண்டி பூட்டச் சொன்னேன். எங்கே என்று இவர் கேட்கவில்லை.

வைத்தியசாலை வாசலில் நல்ல கூட்டம். பாதிப் பேர் கண் நோய்க்காரர்கள், அதிலும் சின்னப் பிள்ளைகள். இவர் வண்டியை ஏரிக்கரை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். "நீ போய்ட்டு வா, மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்" என்றார். ஏரி தளும்பிக் கிடந்தது, மாடு குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டியது. நான் தனியாகப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பெண் என் கட்டைப் பார்த்துப் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றிக்கொள்ளட்டும்.

என் முறை வந்தது. முசே ஏதோ எழுதிக்கொண்டே, "இன்னா உடம்புக்கு?" என்றார். நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. பேனா நின்றுவிட்டது.

நான் கட்டை அவிழ்த்தேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், தரை பிளந்து விழுங்கினால் தேவலாம் என்று இருந்தது. இருந்தாலும் நிமிர்ந்துதான் நின்றேன்.

"சீழ் நின்னதும் வரச் சொன்னீங்களே, முசே. நின்னுடுச்சு. வந்திருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது எனக்குப் பின்னால் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. இவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். கோயிலுக்குள் அம்மன் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அவர் அப்படிக் கட்டுவார்.

"இவ வரேன்னுதாங்க சொன்னா. கூட்டிக்கினு வராதது நான்தான்" என்றார். வரிசையில் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

முசே அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு, விளக்கை எடுத்தார்.

"உக்காரும்மா" என்றார். "மிச்சம் இருக்கற அந்த ஒரு கண்ணையாவது பாக்கறேன்."